பத்து நிமிடம் கூடுதலாக

தொண்ணூறு வந்திருந்தாலே பயந்திருப்பேன். வந்தது நூற்றுப் பதினெட்டு. குடிதண்ணீரில் நைட்ரேட் லிட்டருக்கு நாற்பத்தைந்து மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கைத்தவறாக இருக்கும் என்று மறுபடி செய்து பார்த்தேன். அதே நூற்றுப் பதினெட்டு.

நான் ரோஸ்லின், விழுப்புரத்தில் தண்ணீர் பரிசோதிக்கும் கெமிஸ்ட். இது நடந்தது 2009-இல். ஓமந்தூர் போகும் வழியில் வேங்கடேசன் போட்ட மனைப்பிரிவில் இரண்டாம் கட்டத்துக்கு அனுமதி வாங்க நிலத்தடி நீர் அறிக்கை கேட்டிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை போய் ஏழு வீட்டு போர்களில் தண்ணீர் பிடித்து வந்தேன். அங்கே எல்லாம் வாஸ்துப்படி. போர் வடகிழக்கே ஈசானி மூலையில், கழிவுக்குழி வடமேற்கே வாயு மூலையில். ஒரு மனைக்குள் பார்த்தால் சரிதான். வரிசையாக வீடு கட்டினால், நம் போருக்கு ஒன்பதடியில் கிழக்கு வீட்டுக்காரர் குழி வந்து நிற்கும். குழிக்கு அடியில் சிமெண்டும் கிடையாது; கழிவு மண்ணில் இறங்கி நைட்ரேட்டாகத் தண்ணீரில் கலக்கும். பிளான் போட்ட மகராசனுக்கு இதுகூடவா தெரியாது?

நூற்றுப் பதினெட்டு நாலாம் நம்பர் வீட்டுத் தண்ணீர். செஞ்சிப் பக்கத்துச் சமணக் குடும்பம். ஸ்ரீபாலனுக்கு அரிசி வியாபாரம். மனைவி ஜெயமதிக்குப் பால் சரியாக ஊறாததால் மூன்று மாதக் குழந்தை சன்மதிக்குப் பால்பவுடர். துணியில் வடிகட்டிக் காய்ச்சாத தண்ணீரை அவர்கள் வாயில் வைக்க மாட்டார்கள்.

அன்றைக்கு ஜெயமதி என்னிடம் கேட்டாள். "பாப்பா உதடு ஒரு மாதிரி கறுத்துக்கினு வருதுங்க. டாக்டரு சளின்றாரு. தண்ணியால இருக்குமா?"

பாட்டிலில் லேபிள் ஒட்டிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னேன். "இன்னும் ஒரு பத்து நிமிஷம் சேத்து கொதிக்க வைங்க. சரியாப் பூடும்."

கொதித்தால் கிருமி சாகும். நைட்ரேட் எங்கும் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்டக் கூடும். அது கைக்குழந்தையின் உடம்பில் சேர்ந்தால் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்காது, உடம்பு நீலம் பாயும். இதையெல்லாம் படித்துப் பட்டம் வாங்கியவள்தான் நான்.

வேங்கடேசனுக்கு போன் போட்டேன். "நாலாம் வீட்டு போன் நம்பர் குடுங்க. ஜல்தி. அந்தத் தண்ணி கொழந்தைக்கு ஆவாது."

"பேஜாரு பண்ணாதீங்க மேடம். வீடு வாங்கினவங்கள பயமுறுத்திக்கினு. திங்கக்கிழமை பேசிக்கலாம்." வைத்துவிட்டான்.

அடுத்த பஸ்ஸில் ஏறினேன். விக்கிரவாண்டியில் டீ குடிக்க இறங்கிய டிரைவரோடு சண்டை போட்டேன். திண்டிவனத்தில் ஆட்டோ பிடித்தேன்.

ஜெயமதி அடுப்படியில் நின்றாள். பாத்திரத்தில் தண்ணீர் ஏறக்குறைய பாதி சுண்டியிருந்தது. பக்கத்தில் பால்புட்டி.

"நீங்க சொன்னீங்கன்னு இப்பல்லாம் அரை மணி நேரம் காய்ச்சுறேங்க. அப்பவும் மோசமாத்தான் ஆவுது."

தூளியில் குழந்தை அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது. நகமெல்லாம் கத்தரிப்பூ நிறம். நான் அடுப்பை அணைத்தேன். "புள்ளையத் தூக்குங்க. வண்டிய எடுக்கச் சொல்லுங்க." பாத்திரத்தில் இருந்ததில் ஒரு பாட்டில் நிரப்பிக்கொண்டேன்.

ஸ்ரீபாலனின் அரிசி வேனில் புதுச்சேரிக்குப் பறந்தோம். வழியில் எல்லாவற்றையும் சொன்னேன். ஜெயமதி குழந்தையின் மூக்கருகே விரல் வைத்து மூச்சைப் பார்த்தபடியே வந்தாள். விரலை எடுக்காமலே கேட்டாள்.

"நீங்கதானங்க கொதிக்க வைக்கச் சொன்னீங்க?"

"ஆமா. நான்தான்."

ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் நூற்றுப் பதினெட்டு என்ற எண்ணைச் சொன்னதும் வேறு கேள்வி கேட்காமல் ரத்தம் எடுத்தார், ஊசி போட்டார். சாயங்காலம் சன்மதி வீறிட்டு அழுதது. உதடு சிவந்திருந்தது. நான் வராந்தாவில் உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதேன். ஜெயமதி என் பக்கம் வரவில்லை.

பாட்டிலில் கொண்டுவந்த தண்ணீரில் இருநூற்றுப் பதினொன்று இருந்தது. அறிக்கையில் ஏழு வீட்டு எண்களுக்கும் கீழே அதைத் தனி வரியாக எழுதினேன். 'நாலாம் வீடு, காய்ச்சிய நீர்: 211. கூடுதலாகக் காய்ச்சச் சொன்னவர்: ரோஸ்லின், கெமிஸ்ட்.'

திங்கட்கிழமை வேங்கடேசன் வந்து படித்தான். முகம் வெளுத்தது. பிறகு தணிந்த குரலில் சொன்னான். "இந்தக் கடைசி வரிய மட்டும் அடிச்சிடுங்க மேடம். உங்க வேலையே பூடும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"அத அடிச்சா அடுத்தது மேல இருக்கற நூத்திப் பதினெட்டையும் அடிக்கச் சொல்லுவீங்க" என்றேன்.

அவன் எதிரிலேயே கையெழுத்துப் போட்டேன்.