சிம்மாசனம் வேர்விட்ட அசனம்

எபனேசர்விளையில் சிம்மாசனம் நடக்கும். பூவரச மரத்தில் செய்தது. நான்கு காலும் திடமான கால். ஒரு ராஜா கண்ணை மூடியதும் அது ஆலய வாசலை விட்டு இறங்கி, செம்மணல் மேடான தேரியில் கொஞ்ச நாள் மேய்ந்து திரிந்துவிட்டு, ஊரில் யாராவது ஒருவருக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும். அவர்தான் அடுத்த ராஜா. அதை ஊரில் யாரும் ஓட்டுவதில்லை. ஓட்டுகிறவர் மேலே இருக்கிறார் என்பது அங்கே தவழ்கிற பிள்ளைக்கும் தெரியும்.

கடைசியாக அது கிணறு தோண்டுகிற வேதக்கண் பின்னால் வந்து நின்றது. அவர் அதில் உட்கார்ந்ததைவிட அது அவர் பின்னால் அலைந்ததுதான் அதிகம். அறுப்பின் பண்டிகை அன்று ஊர் முழுக்க ஒரே உலையில் பொங்கி, இருப்பவரும் இல்லாதவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடும் அசனம் நடக்கும். ராஜா குழம்பு வாளியைத் தூக்கி எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசி ஆளாகச் சாப்பிட வேண்டும். எபனேசர்விளை ராஜாவுக்கு இதைவிடப் பெரிய சட்டம் கிடையாது.

வேதக்கண் மகன் கோயில்பிள்ளைக்கு இது பிடிக்கவில்லை.

“பந்திக்கு முந்துன்னுதானே பெரியவங்க சொல்லியிருக்காங்க? ராஜாவா இருந்துக்கிட்டு நீங்க வாளி தூக்குதிய. வெளியூர்க்காரன் சிரிக்கான்ப்பா.”

“சிரிக்கட்டும்ல. அவன் அசனத்துக்கு வந்தா அவனுக்கும் ஊத்துவேன்.”

கோயில்பிள்ளை டீக்கடை டீக்கடையாகப் போனான். தான் ராஜாவானால் வீட்டுக்கு வீடு ஒரு சிம்மாசனம் என்றான். சும்மா வருகிற நாற்காலியை யார் வேண்டாம் என்பார்கள்? ஊர் அவன் பக்கம் சாய்ந்தது. பண்டிகை அன்று காலையில் வாலிபர் சங்கத்தார் சிம்மாசனத்தைப் பிடித்து ஆலய மணிக்கூண்டில் கட்டி, நான்கு காலிலும் நீள ஆணி வைத்துத் தரையோடு அடித்தார்கள். அது ஒரு தடவை உதறியது, பிறகு சும்மா இருந்தது. அசனத்துக்கு இலை அறுக்கும் தோட்டத்து வாழைகளையெல்லாம் வெட்டிப் பட்டாபிஷேக வளைவு கட்டினார்கள். கோயில்பிள்ளை ஏறி உட்கார்ந்தான்.

ஆசீர்வாதம் என்ற ஆலய உபதேசியார் அரிவாளோடு ராஜாவிடம் ஓடி வந்தார்.

“ராஜா, ஒரு வார்த்தை சொல்லுங்க. கயித்தையும் அறுத்து, அவனையும் ரெண்டுல ஒண்ணு பாத்துருவோம்.”

“வேண்டாம் உபதேசியாரே. கட்டுனவன் என் பிள்ளை. சிம்மாசனம் என்னோடது இல்ல. அதுக்குச் சொந்தக்காரர் பாத்துக்கிடுவாரு.”

வேதக்கண் மணிக்கூண்டுக்குப் போய், தன் துண்டைக் கிழித்துத் தண்ணீரில் நனைத்து, ஆணி இறங்கிய கால்களில் சுற்றினார். மகன் முகத்தை அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பெற்ற வயிறு மட்டும்தானா எரியும்? பெற்ற தகப்பனுக்கும் எரிந்தது. செருப்பில்லாமல், மனைவி கெத்சியாளோடு ஊரை விட்டுத் தேரிக்கு நடந்தார்.

“ஏங்க, அது திரும்பி வராட்டா?” என்றாள் கெத்சியாள்.

“வராட்டா கிணறு தோண்டப் போவேன். மண்வெட்டி இருக்கு. அவனை நினைச்சாத்தான் எனக்குப் பயமா இருக்கு.”

பூவரசை ஈர மண்ணில் ஊன்றினால் வேர் விடும். துண்டில் ஈரம் இருந்தது. சிம்மாசனம் வேர் விட்டது, துளிர்த்தது, உச்சி வெயில் வருவதற்குள் மணிக்கூண்டைத் தாண்டி வளர்ந்தது. கோயில்பிள்ளை உச்சியில் உட்கார்ந்தபடியே போனான். அங்கிருந்து சில கட்டளைகள் போட்டான், கீழே ஒன்றும் கேட்கவில்லை. பிறகு “அப்பா” என்றான். அது மட்டும் தேரி வரைக்கும் கேட்டது.

கீழே சோறு வெந்து, ஊர் வரிசையில் உட்கார்ந்துவிட்டது. போட இலை இல்லை. வளைவில் கட்டிய வாழையெல்லாம் வெயிலில் சருகாகியிருந்தது. பசி வந்தால் பத்தும் பறக்கும். முதலில் பறந்தது புது ராஜாவின் மேல் இருந்த மரியாதை. ஆணி அடித்தவர்களே கோடாலி எடுத்தார்கள்.

வேதக்கண் ஓடி வந்து சேர்ந்தார்.

“வெட்டாதியய்யா. மேல இருக்கது என் பிள்ளை.”

வேரடியில் முழங்கால் போட்டார். “ஆண்டவரே, சிம்மாசனம் உம்முடையது. யாருக்கு வேணும்னாலும் கொடும். பிள்ளையை மட்டும் எனக்குத் தாரும்” என்று ஜெபித்தார். ஜெபம் முடிந்ததும் பரிமாற நேரமாகிவிட்டதே என்று வாளியைத் தூக்கினார்.

முதல் ஆளின் முன்னால் ஒரு பூவரசிலை வந்து விழுந்தது. சோறு கொள்ளும் அகலத்துக்கு இருந்தது. ராஜா ஊற்றினார். மரம் ஒரு சாண் இறங்கியது. அடுத்த ஆளுக்கு அடுத்த இலை. ராஜா நடக்க நடக்க இலை விழுந்தது, இலை விழ விழ மரம் இறங்கியது. ஆணி அடித்தவர்களும் வரிசையில் இருந்தார்கள். அவர்களுக்கும் எலும்பும் கறியுமாகப் பார்த்து ஊற்றினார். அவர்கள் தலை நிமிராமல் சாப்பிட்டார்கள். கடைசி ஆளுக்கு ஊற்றியபோது சிம்மாசனம் தரையைத் தொட்டது. ஆணிகள் தாமாகக் கழன்று விழுந்தன. கிளைகளின் பிடியிலிருந்து விடுபட்ட மணி கணகணவென்று அடித்தது. ஊர் எச்சில் கையோடு எழுந்து நின்று “அல்லேலூயா” என்று முழங்கியது. வேதக்கண் அழுதார். வாளியைக் கீழே வைக்காமலே மகனை ஒரு கையால் சேர்த்துக் கட்டிக்கொண்டார். அப்படி ஒரு சந்தோஷத்தை எபனேசர்விளை அதற்கு முன் பார்த்ததில்லை.

சிம்மாசனம் வேர்மண்ணை உதறிவிட்டு நடந்து வந்து, வேதக்கண் முழங்காலைப் பின்னாலிருந்து முட்டியது.

“நீங்க உக்காருங்கப்பா. நான் ஊத்துதேன்” என்று கோயில்பிள்ளை வாளியை வாங்கினான். எபனேசர்விளையில் ஒரு ராஜா கடைசிக்கு முந்தின ஆளாகச் சாப்பிட்டது அன்றுதான்.

அப்போது வேர் இருந்த குழியிலிருந்து ஒரு குட்டி முக்காலி ஏறி வந்தது. ஈரம் காயாத கால்கள், நடக்கும்போது தள்ளாடின. நேராகப் போய்க் கோயில்பிள்ளையின் பின்னால் நின்றது.

வேதக்கண் வாயில் சோற்றோடு திரும்பிப் பார்த்தார்.

“பசிக்கும்ல அதுக்கு. முதல்ல அதுக்கு வையி.”

கோயில்பிள்ளை ஓர் இலையை எடுத்துப் போட்டுச் சோறு வைத்து, குழம்பு ஊற்றி, அது சாப்பிடும் வரை பக்கத்தில் குத்தவைத்திருந்தான். முக்காலி மறுசோறு கேட்டது. அவன் எழுந்து எடுத்துவரப் போனான்.