கீழே போட்ட இரண்டு பத்துகள்

1992 ஆடி மாதம், கப்பலின் மேல்தளத்துத் திறப்பு வழியாகச் சரக்கு அறைக்குள் விழுந்து என் வலது தொடை எலும்பு முறிந்தது. நான் அந்தக் கப்பலில் ஃபிட்டர். பாளையம்பட்டி மாரீஸ்வரனுக்கு அதே கப்பலில் டெக் வேலை. செங்குத்தான ஏணியில் என்னைத் தன் முதுகோடு சேர்த்துக் கட்டி மேலே ஏற்றிக்கொண்டு வந்தவன் அவன்தான்.

மதுரையில் காலுக்குள் கம்பி வைத்து, என் ஊர் பந்தல்குடிக்குக் கொண்டுவந்து கட்டிலில் போட்டார்கள். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் காலைத்தான் பார்த்தார்கள். "கொடுத்து வச்சது அவ்வளவுதான்" என்று என் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டுக் காபி குடித்துப் போனார்கள். ஒரு மாதத்தில் நான் பேசுவதை நிறுத்திவிட்டேன். தூத்துக்குடி ரோட்டில் போகிற லாரிகளை எண்ணிக்கொண்டு படுத்திருப்பேன்.

ஒருநாள் என் மனைவி முருகேஸ்வரி பெட்டியைக் குடைந்து சீட்டுக்கட்டை எடுத்து வந்தாள்.

"ஏங்க, கப்பல்ல நாலு சீட்டு வச்சு ஆடுவோம்னு லெட்டர்ல எழுதுவீகளே, அதச் சொல்லித் தாங்க."

"உனக்கு எதுக்கு அது?"

"லாரிய எண்ணுறதுக்கு இது தேவலைல்ல?"

அந்த ஆட்டத்தின் பெயர் ஒமாஹா. எங்கள் கப்பலின் இரண்டாம் இன்ஜினியர், லிவர்பூல்காரர், எங்களுக்குப் பழக்கியது. ஆளுக்கு நாலு சீட்டு கையில். முதலில் மூன்று சீட்டை நடுவில் திறந்து வைப்பார்கள். பிறகு ஒன்று, கடைசியாக இன்னொன்று. கையிலிருந்து இரண்டு, நடுவிலிருந்து மூன்று எடுத்து ஐந்து சேர்க்க வேண்டும். ஒரே எண்ணில் மூன்று இருந்தால் நல்ல கை, ஐந்தும் அடுத்தடுத்த வரிசையாக வந்தால் அதைவிடப் பெரிது, ஐந்தும் ஒரே இனமானால் அதற்கும் மேல், மூன்றும் ஒரு ஜோடியும் சேர்ந்தால் இவை எல்லாவற்றுக்கும் மேல். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் உண்டு. நடுவில் எவ்வளவு குவிந்திருக்கிறதோ அவ்வளவு வரை ஒரே தடவையில் கட்டலாம், அதற்கு மேல் கூடாது. கப்பலில் சிகரெட் வைத்து ஆடினோம். வீட்டில் புளியங்கொட்டை.

பத்தே நாளில் முருகேஸ்வரி பிடித்துக்கொண்டாள். அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்து கட்டிலோரம் உட்கார்ந்து ஆடுவாள். நான் தப்பாகக் கட்டினால், "கப்பல்ல இப்படித்தான் ஆடுனீகளா?" என்பாள். எனக்கு ரோஷம் வரும். ரோஷம் வந்ததால் பேச்சும் வந்தது.

தை மாதம் மாரீஸ்வரன் லீவில் ஊருக்கு வந்தான். ஞாயிறு தவறாமல் மத்தியான பஸ்ஸில் காராச்சேவுப் பொட்டலத்தோடு இறங்குவான். சாப்பிடச் சொன்னால், "வீட்டுல சாப்ட்டுதான் வாரேன்" என்று ஒரு காபியோடு நிறுத்திக்கொள்வான். மூன்று பேராக ஆட ஆரம்பித்தோம். நான் ஜெயித்தேன். வாரா வாரம் ஜெயித்தேன். என் பக்கம் புளியங்கொட்டை குவிந்துகொண்டே போனது.

மாசி கடைசி ஞாயிறு. என் கையில் இஸ்பேட் ராணி, இஸ்பேட் ஜாக்கி, ஆர்ட்டின் எட்டு, டைமன் ஏழு. நடுவில் இஸ்பேட் பத்து, இஸ்பேட் ஒன்பது, டைமன் ஏஸ் விழுந்தது. அந்த நேரத்தில் என் கையில் ஒன்றுமில்லை. ஒரு ஜோடிகூட இல்லை. ஆனால் ராஜா வந்தாலும் வரிசை சேரும், ஆறு வந்தாலும் சேரும், ராணி, ஜாக்கி, எட்டு, ஏழு எது வந்தாலும் சேரும். இன்னொரு இஸ்பேட் வந்தால் ஐந்தும் ஒரே இனம். கண்ணுக்குத் தெரியாத நாற்பத்தைந்து சீட்டில் இருபத்தைந்து எனக்குச் சாதகம். இப்படிப்பட்ட கை வந்தால் பம்மிக்கொண்டு இருக்கக்கூடாது, மூன்று சீட்டு விழுந்ததுமே அடிக்க வேண்டும் என்று லிவர்பூல்காரர் சொல்வார். நடுவில் கிடந்த அளவுக்கு முழுசாக எண்ணித் தள்ளினேன்.

முருகேஸ்வரி சீட்டைக் கவிழ்த்து அந்த ஆட்டத்தை விட்டுவிட்டாள். மாரீஸ்வரன் தன் சீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு கவிழ்த்துப் போட்டான்.

"உனக்குத்தாம்லே. எடுத்துக்க."

அடுத்தது கலைத்துப் போடுவது முருகேஸ்வரியின் முறை. கவிழ்த்த சீட்டுகளை அள்ளியவள், அவனுடைய நாலையும் திருப்பிப் பார்த்தாள். கப்பலில் அப்படிச் செய்தால் சண்டை வரும்.

"அண்ணே, கையில ரெண்டு பத்து இருக்கு. நடுவுல ஒரு பத்து. மூணு பத்த வச்சுக்கிட்டா கீழ போட்டீக?"

"கவனிக்கல தங்கச்சி."

"ரெண்டு மாசமாப் பாக்குறேன். இவுக பெருசாக் கட்டுனா நீங்க எதையுமே கவனிக்கிறதில்ல."

மாரீஸ்வரன் தலையைக் குனிந்துகொண்டான். காலைப் பார்த்து இரக்கப்பட்ட சனங்களில் இவனும் ஒருத்தனா?

"எனக்குப் பிச்சை போடுறியாலே?" என்றேன்.

"இல்லலே. அன்னைக்கு அந்தத் திறப்பச் சுத்தித் தடுப்பா இருந்த சங்கிலிய அவுத்தது நான்தான். பெயிண்டு டிரம்மைக் கொண்டுபோக அவுத்தேன். திரும்ப மாட்ட மறந்துட்டேன். நீ அது வழியாத்தான் விழுந்த."

கோபம் வரவில்லை என்றால் பொய். கட்டிலில் கிடந்த ஏழு மாதமும் ஒரே நொடியில் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது.

"ஏன் அப்பவே சொல்லல?"

"அங்க சொன்னா வேலை போயிரும்னு பயம். இங்க வந்தப்புறம் உன் மூஞ்சியப் பாத்துச் சொல்ல முடியல. உங்கிட்டத் தோத்தாவது போவோமேன்னு வந்தேன்."

முருகேஸ்வரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவனைப் பார்த்தேன். அந்த ஏணியில் ஏறும்போது அவன் மூச்சு இரைத்த இரைப்பு எனக்கு நினைவு வந்தது. இடையில் இரண்டு தடவை கால் வழுக்கியது. என்னை விட்டுவிடவில்லை. சங்கிலியை மறந்தவனும் இவன்தான், ஏறி வந்தவனும் இவன்தான். ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றைத் தள்ள என்னால் முடியவில்லை.

"சீட்ட எடுலே," என்றேன்.

"என்னது?"

"உன் நாலு சீட்டையும் எடு. நான் கட்டுனதுக்குச் சமமா வை. ஒழுங்கா ஆடு."

அவன் எண்ணி வைத்தான். முருகேஸ்வரி அடுத்த சீட்டைத் திறந்தாள். கிளாவர் ஆறு. ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது, பத்து. என் வரிசை சேர்ந்துவிட்டது. என்னிடம் மிச்சமிருந்தது நடுவில் கிடந்ததற்குள் அடங்கும் என்பதால் எல்லாவற்றையும் தள்ளினேன். அவன் என்னைப் பார்த்தான்.

"கீழ போடாதலே. மூணு பத்து இருக்குல்ல," என்றேன்.

அவனும் எல்லாவற்றையும் தள்ளினான். கடைசிச் சீட்டு ஆர்ட்டின் ஏஸ். நடுவில் ஏஸ் ஜோடி ஆகிவிட்டது. அவனுக்கு மூன்று பத்தும் இரண்டு ஏஸும். என் வரிசை அதற்கு முன்னால் நிற்காது.

"அண்ணனுக்கு," என்றாள் முருகேஸ்வரி மெல்ல.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல், தொடை வலிக்க வலிக்கச் சிரித்தேன். விழுந்த நாளிலிருந்து என்னை யாரும் ஜெயிக்கவில்லை, முருகேஸ்வரியைத் தவிர. ஒரு ஆம்பளை என்னை நேருக்கு நேர் அடித்துப் புளியங்கொட்டையை அள்ளிக்கொண்டு போவது அத்தனை சுகமாக இருந்தது. மாரீஸ்வரன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். முருகேஸ்வரி அவனுக்கும் சேர்த்துச் சோறு போட்டாள். அன்றைக்கு வேண்டாமென்று சொல்லாமல் மூன்று தடவை குழம்பு வாங்கிச் சாப்பிட்டான்.

சித்திரையில் அவன் கப்பலுக்குத் திரும்பினான். நான் கட்டையை ஊன்றி பஸ் நிறுத்தம் வரை போய் ஏற்றிவிட்டேன். வீட்டை விட்டு நான் நடந்த முதல் தூரம் அதுதான். மறு வருஷம் ரோட்டோரம் வெல்டிங் பட்டறை போட்டேன். வலது கால் ஒரு இன்ச் குட்டைதான். நின்று வேலை பார்க்க அது தடையில்லை.

அந்தக் காலம் என்னிடமிருந்து எதை எடுத்துக்கொண்டது என்று ஊரில் பேசுவார்கள். நான் நினைப்பது வேறு. அடுப்பு வேலையை விட்டுவிட்டு வந்து சீட்டுப் பிடிக்கக் கற்றுக்கொண்ட ஒருத்தி இருந்தாள். உண்மையைச் சொல்லிவிட்டு எதிரே உட்கார்ந்தே இருந்த ஒருத்தன் இருந்தான். இரண்டு பேரும் எனக்கு வாய்த்தார்கள். நல்லபடியாக வாய்த்தார்கள்.