பாதி விலைக்குக் காத்திருந்த கோட்டு

செங்கல் நிறக் கம்பளிக் கோட்டு ஒன்றை அவள் அம்மா பழைய சாமான் கடையில் திரைச்சீலைகளுக்கு நடுவே ஒளித்து வைத்த வியாழக்கிழமை பிற்பகலில் அந்தச் சிறுமி வளர்வதை நிறுத்தினாள். அன்றைக்கு அவளுக்கு வயது ஏழு, உயரம் மூன்றடி பதினோரு அங்குலம். வயது அதன்பாட்டுக்கு ஏறியது. பல் விழுந்து முளைத்தது, வாய்ப்பாடு பதினாறு வரை மனப்பாடமானது, முடி மாதாமாதம் வெட்டும் அளவுக்கு வளர்ந்தது, தம்பியோடு சண்டை போடும் வாயும் நாளுக்கு நாள் நீண்டது. உயரம் மட்டும் நான்கு வருஷம் ஒரு மயிரிழைகூட நகரவில்லை. அடுக்களைக் கதவு நிலையில் அப்பா ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் பென்சிலால் போட்ட கோடு போன வருஷக் கோட்டின் மேலேயே விழுந்து, கடைசியில் ஒரே தடித்த கோடாகிவிட்டது.

அம்மாவை அந்த வட்டாரத்தில் பாதிவிலை அக்கா என்பார்கள். ஓட்டல் ஒன்றின் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடும் வேலை. எந்தத் துணியையும் இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்து, எத்தனை தடவை வெளுத்தது, இன்னும் எத்தனை தடவை தாங்கும் என்று சொல்லிவிடுவாள். கல்யாணமான புதிதில் லிப்ட் மெக்கானிக்கான அவள் கணவர் வேலை போய் எட்டு மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்தார். அப்போது குடும்பத்தைக் கரை சேர்த்தது பழைய சாமான் கடைதான். பிறகு அவருக்கு வேலை கிடைத்தது, சம்பளம் ஏறியது, வீடும் ஓர் அறை பெரிதானது. அந்தப் பயம் மட்டும் அவளை விட்டுப் போகவில்லை. அவர்கள் வீட்டில் பாத்திரம் ஒரு குடும்பத்துடையது, அதன் மூடி இன்னொரு குடும்பத்துடையது. சதுரங்கப் பலகையில் கறுப்பு மந்திரிக்குப் பதிலாக ஒரு பசை டப்பா மூடி நின்றது. கூடத்துக் கடிகாரத்தில், யாரோ ஒருவர் இருபத்தைந்து வருஷம் விசுவாசமாக உழைத்ததைப் பாராட்டி எழுதியிருந்தது. எல்லாம் நல்ல சாமான், எல்லாம் பாதி விலை. முழு விலை என்பதைப் பிள்ளைகள் அந்த வீட்டில் கெட்ட வார்த்தை மாதிரி காதோடு காதாகத்தான் சொல்லிக்கொள்வார்கள்.

அந்தக் கடை முன்னொரு காலத்தில் பஸ் பழுது பார்க்கும் கொட்டகையாக இருந்தது. ஊரார் தங்களுக்கு வேண்டாததைக் கொண்டுவந்து வைப்பார்கள். விற்றால் வைத்தவருக்குப் பாதி, கடைக்குப் பாதி. ஒவ்வொரு சாமானிலும் நூலில் கட்டிய சீட்டு ஒன்று தொங்கும். சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம், ஊதா என்று ஐந்து நிறங்கள். திங்கட்கிழமை காலையில் கடைக்காரர் வாசல் கரும்பலகையில் ஒரு நிறத்தின் பெயரை எழுதுவார். அந்த வாரம் முழுக்க அந்த நிறச் சீட்டுக்கெல்லாம் பாதி விலை. சாமான் பிடித்துவிட்டது, அதன் முறை வர இரண்டு வாரம் இருக்கிறது என்றால், யார் கண்ணிலும் படாத இடத்தில் செருகிவிட்டு ஒன்றுமறியாதவர் போல வெளியே வந்துவிட வேண்டும். குழந்தைச் சட்டை தரைவிரிப்புச் சுருளுக்குள் போகும், கைப்பை மெத்தைக்கு அடியில் போகும், செருப்பு குக்கருக்குள் போகும். இதை எல்லா அம்மாக்களும் செய்தார்கள், சில அப்பாக்களும் செய்தார்கள். ஒருத்தி ஒளித்ததை இன்னொருத்தி பார்த்துவிட்டால் மறுபடி மூடி வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். அந்த ஒரு விஷயத்தில் கடையில் நேர்மை இருந்தது.

கோட்டுக்கு ஆறு பொத்தான்கள். ஐந்து கறுப்பு, ஒன்று மட்டும் பழுப்பு. மகளுக்குப் போட்டுப் பார்த்தபோது அளவெடுத்துத் தைத்தது போல உட்கார்ந்தது. விலை, அம்மாவின் இரண்டு நாள் இஸ்திரிக் கூலி. சீட்டு ஊதா, பலகையில் மஞ்சள்; நடுவில் நீலம் வேறு இருந்தது. அவளுடைய பழைய கோட்டு அப்போதே மணிக்கட்டுக்கு மேலே ஏறிவிட்டிருந்ததால், மகள் புதிதைக் கழற்ற மனமில்லாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“ரெண்டே வாரம்டி. ரெண்டு வாரத்துல நீ என்ன பனைமரமாவா வளந்துடப் போற?” என்றாள் அம்மா.

மகள் சொன்னபடி கேட்கிற பிள்ளை. கழற்றிக் கொடுத்தாள். அம்மா அதைச் சாப்பாட்டறைத் திரைச்சீலைகளுக்கும் படுக்கையறைத் திரைச்சீலைகளுக்கும் நடுவே தொங்கவிட்டாள்.

ஊதா வாரம் வந்தது. அம்மா முதல் ஆளாகப் போய்த் திரைச்சீலைகளை விலக்கினால், கோட்டில் பச்சைச் சீட்டு தொங்கியது. பச்சை வாரத்தில் அது சிவப்பாக இருந்தது. சிவப்பு வாரத்தில் நீலம். யாரோ சீட்டை மாற்றுகிறார்கள் என்று அவளுக்கு வந்த ஆத்திரத்தில் கடைக்காரரிடமே நேராகப் போய்விட்டாள். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கும் அந்த மனிதர் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். “அந்தத் திரைச்சீலைப் பக்கம் உங்களத் தவிர யாரும் போறதே இல்லையேம்மா,” என்றார். அவள் வந்த வழியே திரும்பினாள். அதற்குப் பிறகு கோட்டை வாரம் ஒரு இடத்துக்கு மாற்றினாள். சமையல் புத்தக அலமாரிக்குப் பின்னால், சைக்கிள்களுக்கு நடுவே, ஒரு பெரிய பியானோவின் உள்ளே எல்லாம் அது இருந்து பார்த்தது. ஐந்து நிறமும் ஐந்து வாரமும் சுற்றிச் சுற்றி வந்தன. பலகையும் கோட்டும் ஒருமுறைகூடச் சந்திக்கவில்லை. இரண்டாம் வருஷம் அவள் ஒரு நோட்டில் நிறங்களை எழுதி, கோட்டு எந்த முறையில் மாறுகிறது என்று கண்டுபிடிக்கப் பார்த்தாள். மூன்று மாதம் எழுதிவிட்டு நோட்டைச் சுவரில் விட்டெறிந்தாள்.

இதற்குள் தம்பி அக்காவை எட்டிப் பிடித்துத் தாண்டியும் போனான். அக்காவின் பழைய உடுப்பைப் போட்டுக்கொண்டிருந்தவன் இப்போது தன் பழைய உடுப்பை அவளுக்குத் தள்ளினான், அதுவும் பெரிய மனுஷன் தோரணையில். மருத்துவர் ரத்தம் எடுத்தார், கைகளைப் படம் பிடித்தார், எலும்பில் ஒரு கோளாறும் இல்லை, அது பாட்டுக்குத் தயாராக நிற்கிறது என்றார். எதற்குத் தயாராக என்று அப்பா கேட்டதற்கு அது தன் துறை இல்லை என்றார். பேருந்தில் நடத்துநர் அவளிடம் எப்போதும் சிறுபிள்ளைச் சீட்டே கொடுத்தார். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும், அம்மா பின்னாளில் அழுதுகொண்டே ஒப்புக்கொண்ட விஷயம்தான் இது. மகளுக்கு நான்கு வருஷம் புது உடுப்பு, புதுச் செருப்பு எதுவும் தேவைப்படவில்லை என்பதில் அவள் மனதின் ஒரு மூலைக்குத் திருப்தி இருந்தது. அந்த மூலையை நினைத்து அவளுக்கே அருவருப்பாகவும் இருந்தது.

காரணம் தெரியவந்தது ஒரு குக்கரால். அடுத்த தெருவில் ஒரு தையல்காரி இருந்தாள். அவளுடைய குழந்தை இரண்டு வருஷமாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதே தவிர ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை தையல்காரிக்கு அலுத்துப்போய்விட்டது. தான் ஒளித்து வைத்திருந்த சின்னஞ்சிறு செருப்பு ஜோடியைக் குக்கரிலிருந்து எடுத்து, நிறத்தைக்கூடப் பார்க்காமல், முழு விலையைக் கொடுத்தாள். கடைக்காரர் சீட்டின் நூலைக் கத்தரித்த அதே நொடியில் குழந்தை அவள் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி, நாற்காலிகள் அடுக்கியிருந்த இடம் வரை நடந்துபோய், திரும்பி வந்தது. வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் அதைப் பார்த்தார்கள். அன்றைக்குச் சாயங்காலம் கடையின் மூலைமுடுக்குகளிலிருந்து ஏராளமான சாமான்கள் வெளியே வந்தன.

பாதிவிலை அக்காவும் அந்த வரிசையில்தான் நின்றிருந்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புரிந்த மாத்திரத்தில் ஓடிப்போய்க் கோட்டை எடுத்திருக்க வேண்டும் என்று யாரும் சொல்வார்கள். எழுதுகிற எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. அவள் எடுத்தாள். வரிசையில் மூன்றாவது ஆளாக வரும் வரை கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போது பலகையில் சிவப்பு எழுதியிருந்தது, கையிலிருந்ததோ பச்சை; இன்னும் ஆறே நாள். மூன்றரை வருஷம் காத்துவிட்டு ஆறு நாளைக்காகத் தோற்பதா என்று அவளுக்குள் ஏதோ பிடிவாதமாகச் சண்டை போட்டது. கால் தானாகத் திரும்பிச் சைக்கிள்களைப் பார்த்து நடந்தது. ஆறு நாள் கழித்துக் கோட்டு மஞ்சளாகியிருந்தது. இப்படி மூன்று தடவை வரிசையில் நின்றாள், மூன்று தடவையும் திரும்பினாள். ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்து, கண்ணில் பட்ட பாத்திரத்தையெல்லாம் நங்கென்று வைத்தாள். தன் மேல் வந்த கோபத்தை அவளுக்கு வேறு எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

பதினோராவது பிறந்தநாள் முடிந்த வாரம் பள்ளிக்கூடத்திலிருந்து தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பினார். மேல் வகுப்பு தெருவுக்கு அந்தப் பக்கத்துக் கட்டடத்தில். அங்கே மேசையெல்லாம் உயரம். சோதனைக்கூடத்தில் இந்தப் பெண்ணின் மூக்கு நெருப்படுப்பின் மட்டத்துக்கு வருகிறது, பொறுப்பேற்க முடியாது என்றார். ஆகவே வளரும் வரை கீழ்க் கட்டடத்திலேயே, தம்பியின் வகுப்பிலேயே உட்காரட்டும் என்று முடிவாகியிருந்தது. மகள் வீட்டுக்கு வந்து, கதவு நிலையில் அந்தத் தடித்த பென்சில் கோட்டுக்கு முதுகைக் கொடுத்து நின்றாள்.

“அம்மா, உனக்கு அந்தக் கோட்டு பாதி விலைக்கு வேணுமா, இல்ல எனக்கு வேணுமா?”

அப்பா அடுக்களையில் எதையோ பழுது பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டார். அம்மா பணப்பையை எடுத்தாள், மகளின் கையைப் பிடித்தாள், கடைக்கு நடந்தாள். கோட்டு தரைவிரிப்புச் சுருளுக்குள் இருந்தது. அதை இழுத்தபோது விரிப்பின் தூசி பறந்து இருவருக்கும் தும்மல் வந்தது. அவள் வேண்டுமென்றே பலகையைப் பார்க்கவில்லை. சீட்டையும் பார்க்கவில்லை, அதை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். பணத்தைச் சில்லறை வரை அவள் எண்ணி வைத்ததைக் கடைக்காரர் கவனித்தார். “கொஞ்சம் குறைச்சுத் தரலாம்தான். ஆனா வச்சவங்க விலைம்மா, என் கையில இல்ல,” என்றார். “வேணாம், ஒண்ணும் குறைக்காதீங்க, சீக்கிரம் நூல வெட்டுங்க,” என்று அவள் கத்தியே விட்டாள்.

மகள் கோட்டைப் போட்டுக்கொண்டு பொத்தான் ஆறையும் பூட்டினாள். கச்சிதமாக இருந்தது. கடை வாசல் படியில் கை மணிக்கட்டு வரை மூடியிருந்தது. மருந்துக்கடையைத் தாண்டும்போது மணிக்கட்டு தெரிந்தது. பேருந்து நிறுத்தத்தில் மேல் பொத்தான் தெறித்து ஓடி சாக்கடைக் கம்பிக்குள் விழுந்தது. தபால்பெட்டி அருகே பழுப்புப் பொத்தானும் போனது. முழங்கால் வலிக்கிறது, வலிக்கிறது என்று மகள் அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே இன்னும் வேகமாக நடந்தாள். தங்கள் தெரு முனையில் கோட்டின் முதுகுத் தையல் மேலிருந்து கீழாகப் பிரிந்தது. நான்கு வருஷம் காத்து, முழு விலை கொடுத்து வாங்கிய கோட்டு சரியாக இருபது நிமிஷம் உழைத்தது. அம்மா நடுத்தெருவில் நின்று, ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்து, யாரைத் திட்டுவது என்று தெரியாமல் பொதுவாகத் திட்டினாள். மகளின் தலை இப்போது தன் தோளுக்கு வருகிறது என்று கண்டதும் திட்டுவதை நிறுத்திவிட்டு அவளைக் கட்டிக்கொண்டாள். அப்பா அன்றைக்கு நிலையில் புதுக் கோடு போட்டார். நான்கடி எட்டு அங்குலம். தம்பி அதை இரண்டு முறை அளந்து பார்த்துவிட்டு, தன் பழைய உடுப்பையெல்லாம் திருப்பித் தரச் சொன்னான்.

கத்தரித்த சீட்டை அம்மா பணப்பையில் போட்டு வைத்தாள். அது அதற்குப் பிறகும் திங்கட்கிழமை தோறும் நிறம் மாறிக்கொண்டிருந்தது, ஒருமுறைகூடப் பலகையோடு ஒத்துப்போகவில்லை. வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கடைக்காரர் கரும்பலகையின் கீழே ஒரு வரி சேர்த்திருந்தார்: பிள்ளைகளுடைய சாமானை யாரும் ஒளித்து வைக்க வேண்டாம்.

குளிர் இன்னும் போகவில்லை, மகளுக்கோ ஒரு கோட்டும் இல்லை. அடுத்த சனிக்கிழமை இருவரும் போனார்கள். நீல நிறத்தில் நல்ல கனமான கோட்டு ஒன்று கிடைத்தது. அம்மா துணியைத் தேய்த்துப் பார்த்தாள், தையலைப் பார்த்தாள், கடைசியில் பார்க்கக் கூடாது பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே சீட்டையும் பார்த்துவிட்டாள். சிவப்பு. திங்கட்கிழமை சிவப்புதான். “நாளன்னைக்குத்தான்டி, நடுவுல ஒரே ஒரு நாள்,” என்று சொல்லும்போதே அவள் கை திரைச்சீலைப் பக்கம் நீண்டுவிட்டது.

மகள் அந்தக் கையிலிருந்து கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

“நாளன்னைக்கு எனக்குப் பத்தாதும்மா,” என்று சொல்லிவிட்டு வரிசையில் போய் நின்றாள். அம்மா முணுமுணுத்துக்கொண்டே அவள் பின்னால் நின்று பணப்பையைத் திறந்தாள்.