தறிச் சத்தத்தில் ஒரு சண்டை

வெளிநாட்டுப் பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகள் வருகிறார்களாம். நம் ஊர்ப் பிள்ளைகளோடு ஒரு வாரம் தங்கி, ஊரின் பாரம்பரியத்தையும் தொழிலையும் பார்க்கப்போகிறார்களாம். எங்கள் நெசவாலை மேனேஜர் இதைச் சொன்னபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பார்த்துவிட்டுப் போகட்டும், தறி என்ன தேய்ந்தா போய்விடும்? அடுத்து அவர் சொன்னதுதான் வம்பு.

"நம்ம கை பாஷையை அவங்களுக்குக் காட்டணும். நீங்களும் உங்க அக்காவும்தான் அதுல கில்லாடின்னு எல்லாரும் சொல்றாங்க. நாளைக்கு ரெண்டு பேரும் காலை ஷிஃப்டுக்கு வந்துடுங்க."

மேனேஜர் ஆலைக்குப் புதுசு. பாவம், அவருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் ஆளுக்கொரு தறிப்பக்கம் திரும்பிக்கொண்டார்கள். தறிக்கு எண்ணெய் விடுகிற அண்ணன் என்னைப் பார்த்து மீசைக்குள் சிரித்தார். ஓசியில் வேடிக்கை கிடைத்தால் யார்தான் விடுவார்கள்.

தறிக்கூடத்தில் இடியே விழுந்தாலும் கேட்காது. அதனால் நாங்கள் கையாலும் முகத்தாலும் பேசிக்கொள்வோம். மேஸ்திரி வருகிறார், நூல் அறுந்துவிட்டது, டீ ஆறிப்போகிறது என்பதில் தொடங்கி, யார் வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு போனாள் என்பதுவரை எல்லாம் கையிலேயே ஓடும். நானும் அக்காவும் பாவாடை சட்டையிலிருந்து தாவணிக்கு மாறிய வயதில் வேலைக்குச் சேர்ந்து, எதிரெதிர்த் தறியில் நின்று பேசிப் பேசியே வளர்ந்தவர்கள்.

அந்த அக்காவோடு நான் பேசி நாலு வருஷம் ஆகிறது.

காரணம் பாப்பா. அக்காவின் ஒரே பெண். அக்கா பகலில் வேலைக்குப் போக, நான் இரவு ஷிஃப்ட் வாங்கிக்கொண்டு அவளைப் பகலெல்லாம் வைத்துக்கொண்டேன். குளிப்பாட்டியது, சோறு ஊட்டியது, காய்ச்சலில் தோளில் போட்டுக்கொண்டு நடந்தது எல்லாம் நான். பள்ளி முடித்ததும் அக்கா அவளை ஆலையில் சேர்க்கப் பார்த்தாள். பிள்ளை நர்ஸுக்குப் படிக்கிறேன் என்றாள். நான் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டேன். அன்றைக்குச் சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் அக்கா கேட்டாள்: "என் பொண்ணு விஷயத்துல முடிவெடுக்க நீ யாரு?"

சரி, நான் யாரோதான் என்று எழுந்து வந்துவிட்டேன். அன்றிலிருந்து நான் காலை ஷிஃப்ட், அவள் மாலை ஷிஃப்ட்; அவள் முன்வாசலில் வந்தால் நான் பின்வாசலில் போவேன். இந்தச் சனிக்கிழமை பாப்பாவுக்குக் கல்யாணம். அத்தான் வந்து பத்திரிகை கொடுத்தார். பாப்பாவும் வந்து கட்டிக்கொண்டு அழுதாள். அக்கா வரவில்லை. அவள் கூப்பிடாமல் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று என் வீட்டுக்காரரிடம் அடித்துச் சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டேனே தவிர, இரவெல்லாம் தூக்கம் இல்லை. நான் தூக்கி வளர்த்த பிள்ளை, நான் இல்லாமல் மணக்கோலத்தில் நிற்கப்போகிறாள்.

மறுநாள் பிள்ளைகள் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு வரிசையாக வந்தார்கள். ஏற்பாடு இதுதான்: அவர்கள் ஆளுக்கொரு சீட்டில் ஏதாவது எழுதித் தருவார்கள். நம் பள்ளிக்கூட டீச்சர் அதைத் தமிழில் எழுதிக் கொடுப்பார். அதைப் படித்து நான் கையால் சொல்ல, தறிக்கூடத்தின் அந்தக் கோடியில் நிற்கும் அக்கா பலகையில் எழுதிக் காட்ட வேண்டும்.

'என் ஷூ நனைந்துவிட்டது' என்றது முதல் சீட்டு. அக்கா பிசகாமல் எழுதினாள். 'எனக்குக் கணக்கு வரவே வராது.' அதுவும் சரி. பிள்ளைகள் குதித்தார்கள். நானோ அக்காவின் கையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன், முகத்தைப் பார்க்கவில்லை.

கடைசிச் சீட்டு ஒரு நெட்டைப் பெண்ணுடையது. 'இரண்டு பேரும் ஒரு சண்டை போட்டுக் காட்டுங்கள்.'

மேனேஜரைப் பார்த்தேன். போடுங்கள், போடுங்கள் என்று தலையை ஆட்டினார். நல்ல ஆளைப் பார்த்துத்தான் கேட்டார்கள்.

'சண்டை கேக்கறாங்க' என்று கையைக் காட்டினேன்.

'நீயே ஆரம்பி. உனக்குத்தான் மூக்குக்கு மேல கோபம் வருமே' என்றாள் அக்கா.

அவ்வளவுதான், எனக்குச் சுருக்கென்றது. 'நீ யாருன்னு கேட்டியே. இப்ப சொல்லு, நான் யாரு?'

பிள்ளைகள் கைதட்டினார்கள். சுற்றிலும் இருந்த தறிக்காரிகள் தட்டவில்லை. அவர்களுக்குத்தான் ஒவ்வொரு சொல்லும் புரியுமே. எண்ணெய் அண்ணனின் சிரிப்பு எங்கோ போய்விட்டது.

வீட்டில் சண்டை என்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டு முணுமுணுக்கலாம். இங்கே முகத்தைத் திருப்பினால் பேச்சே இல்லை. அதனால் நாலு வருஷத்துக்கு அப்புறம் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். எப்படி இளைத்துப்போயிருந்தாள். கன்னமெல்லாம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே கருத்து. ஆனாலும் கை நிற்கவில்லை.

'அவளுக்குக் காய்ச்சல் வந்தப்போ நான் யாரு? அவ முதல்ல நடந்தது யாரைப் பார்த்து?'

அக்கா சுண்ணாம்புக்கட்டியைக் கீழே வைத்தாள். 'கேட்டது தப்பு' என்றாள். 'சொன்ன அன்னைக்கு ராத்திரியே தெரிஞ்சுபோச்சு. உன் வாசல்வரைக்கும் ரெண்டு தடவை வந்தேன். கதவைத் தட்ட தைரியம் வரல.'

'பொய்.'

'உன் ஜன்னல்ல பச்சைத் துணித் திரை விலகியிருந்துச்சு. நீ தனியா உக்காந்து சாப்பிட்டுட்டு இருந்தே. பார்த்துட்டுத் திரும்பிட்டேன்.'

கண்ணீர் என் கண்ணை மறைத்தது. கை பாஷையில் கண் மறைந்தால் காது அடைத்த மாதிரி. புறங்கையால் துடைத்துக்கொண்டேன். நெட்டைப் பெண், 'என்ன நடிப்பு!' என்பதுபோல் டீச்சரின் தோளைத் தட்டிக் காட்டினாள்.

அக்கா இரண்டு கையையும் தொங்கப் போட்டுக் காட்டினாள். 'கல்யாண வேலை மலைபோல கிடக்குது. நீ இல்லாம கையும் ஓடல, காலும் ஓடல.' அப்புறம் கன்னத்தில் ஒரு விரலை வைத்தாள். கன்னத்தில் விரல் என்றால் பாப்பா, அவளுக்கு அங்கே குழி விழும். 'அவ வாசலையே பார்த்துட்டு இருப்பா. வா.'

மேனேஜர் கைதட்டி முடித்துவைத்தார்.

கேன்டீனில் டீயோடு உட்கார்ந்தோம். அக்கா பெஞ்சின் அந்த நுனியில், நான் இந்த நுனியில். நெட்டைப் பெண் ஏதோ கேட்க, டீச்சர் சொன்னார்: "நிஜ சண்டை மாதிரியே இருந்துச்சாம். யார் ஜெயிச்சீங்கன்னு கேக்கறா."

யார் ஜெயித்தது என்று எனக்கு எப்படித் தெரியும். நான் மேனேஜர் பக்கம் திரும்பினேன்.

"சார், சனிக்கிழமை எனக்கு லீவு வேணும்."

"உங்க அக்காவும் அன்னைக்கு லீவு சொல்லியிருக்காங்களே. ரெண்டு பேரும் ஒரே நாள் போனா தறி என்ன ஆகறது? அப்படி என்ன விசேஷம்?"

"எங்க பொண்ணுக்குக் கல்யாணம் சார்" என்றாள் அக்கா, நான் வாயைத் திறப்பதற்குள்.