நல்ல உடம்பின் படம்

மார்பில் கட்டி இருக்கிறதா என்று மைக்ரோவேவ் அலையை விட்டுப் பார்க்கும் மெஷின் அது. அடையாறு லேபில் ஜொவிட்டாவின் நான்கு வருட உழைப்பு. அந்துப்பூச்சியின் கண்ணில் இருப்பது மாதிரி பொடிப்பொடி மேடுகள் வைத்து ஒரு ஷீட் வார்த்திருந்தாள். வேண்டாத அலையையெல்லாம் அது விழுங்கிவிடும்.

ஒப்பிட்டுப் பார்க்க நல்ல உடம்பு ஒன்றின் படம் வேண்டும். யாருடைய ஆராய்ச்சியோ அவர்களே முதலில் படுப்பது அந்த லேபின் வழக்கம். படுத்தாள். இடப்பக்கம் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. பகீரென்றது அவளுக்கு. கைடு முத்துகிருஷ்ணனிடம் ஓடினாள். இருபத்தெட்டு வயதில் உனக்கென்ன வரப்போகிறது, உன் ஷீட்தான் சரியில்லை, போய் வேலையைப் பார் என்றார்.

ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையில் மூன்று தடவை ஷீட்டை மாற்றி வார்த்தாள். புள்ளி இம்மியும் நகரவில்லை. அப்போதாவது உறைத்திருக்க வேண்டாமா? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடவில்லை. படத்தில் அந்தப் புள்ளியை அழித்துவிட்டு 'நல்ல உடம்பு' என்று பெயர் போட்டு வை என்றார் அவர். தன் கையாலேயே அழித்தாள், பாவி.

பதினான்கு மாதம் கழித்துக் குளிக்கும்போது அதே இடத்தில் விரலுக்குக் கட்டி தட்டுப்பட்டது. அக்குள் வரை பரவிவிட்டதாக டாக்டர் சொன்னார். போன வருடமே வந்திருந்தால் சின்ன ஆபரேஷனோடு போயிருக்குமாம்.

ரிப்போர்ட்டை முத்துகிருஷ்ணன் முகத்தில் விட்டெறியத்தான் லேபுக்குப் போனாள். அவர் நிதானமாக வாங்கி, அழிக்காத பழைய படத்தைத் தேடியெடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதே இடம். அவர் முகம் மலர்ந்தது.

"நம்ம மெஷின் வேலை செய்யுதும்மா. பதினாலு மாசம் முன்னாடியே புடிச்சிருக்கு!"

உடனே கட்டுரையாக அனுப்பிவிடலாம் என்று அங்கேயே ஒரு வரைவை அடித்து, ஒப்புதல் படிவத்தோடு நீட்டினார். எழுதியவர்கள் வரிசையில் முதல் பெயராக அஸ்வத் இருந்தான், ஆறு மாதம் முன்பு சேர்ந்தவன். அவள் பெயரைக் காணோம்.

"என் பேரு எங்க சார்?"

"பேஷன்ட் பேரு அதுல வரக்கூடாதும்மா. ரூல்ஸ்."

அட்டவணையின் முதல் வரியைக் காட்டினார். 'ஆள் 1, பெண், வயது 29.' பிறகு, மறந்துவிடப் போகிறோமே என்பது போல அவசரமாகச் சொன்னார்:

"கீமோ எப்ப ஆரம்பிக்கறாங்க? அதுக்குள்ள அந்த ஷீட் வார்க்கறத அஸ்வத்துக்குக் காட்டிக் குடுத்துடு."