மூன்றாவது சிவப்பு வயர்

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு அந்த வீட்டில் நடப்பது எப்போதும் ஒன்றுதான். அம்மா காய் நறுக்குவாள், கல்லூரிக்குப் போகும் மகள் சோபாவில் கால் நீட்டிக்கொண்டு போனை நோண்டுவாள், லிஃப்ட் மெக்கானிக்கான அப்பா டிவிக்கு நேர் எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உலகத்தைத் திட்டுவார். திட்டு வாங்குவதற்கு உலகமும் குறை வைப்பதில்லை. அன்றைக்குத் திரையில் ஆறு கட்டங்களுக்குள் ஆறு பேர் உட்கார்ந்து ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பேசுவது இன்னொருவர் காதில் விழுந்துவிடக் கூடாது என்பதில் மட்டும் ஆறு பேருக்கும் அப்படி ஓர் ஒற்றுமை. அடியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. எங்கோ வெள்ளம், எங்கோ தேர்தல், ஒரு நடிகைக்கு இரட்டைக் குழந்தை. வெள்ளத்துக்கும் இரட்டைக் குழந்தைக்கும் ஒரே அளவு எழுத்து. இதையெல்லாம் உட்கார்ந்து முடிவு செய்கிற ஆள் யார் என்று அப்பாவுக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம்.

அந்த வீட்டு டிவிக்கு இன்னொரு வேலையும் உண்டு. எந்தச் சானலில் எந்த விபத்தைக் காட்டினாலும் அம்மா ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை அடைத்துவிடுவாள். கண்ணை மூடிக்கொண்டு, செத்தவர்களுக்கும் பிழைத்தவர்களுக்கும் சேர்த்து ஒரு நிமிஷம் வேண்டிக்கொள்வாள். அதற்கப்புறம்தான் மற்றவர்களுக்குச் சத்தம் கிடைக்கும். இந்த வேலைக்கு வசதியாக ரிமோட் எப்போதும் அவள் மடியிலேயே இருக்கும்.

"அம்மா, இது நேத்து ராத்திரி காட்டின அதே பஸ். அவங்களுக்கு ஏற்கெனவே வேண்டிட்டீங்க" என்று மகள் கேலி செய்வாள்.

"இருக்கட்டும். அவங்களுக்கு இன்னும் வலிக்கும்ல?" என்பாள் அம்மா, கண்ணைத் திறக்காமல்.

அப்பா இந்தப் பஞ்சாயத்தில் தலையிடுவதில்லை. நம்பிக்கையில்லாதவர் என்று அவரைச் சொல்ல முடியாது, நேரமில்லாதவர் என்று வேண்டுமானால் சொல்லலாம். ஆனால் நம்பிக்கையைப் பற்றி அவருக்கென்று ஒரு எண்ணம் இருந்தது. கடவுளே இல்லை என்று மேடை போட்டுப் பேசுகிறவன்கூட, கயிற்றில் தொங்குகிற ஒரு இரும்புப் பெட்டிக்குள் போய் நின்று, பொத்தானை அழுத்திவிட்டு, போனைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறான். மேலே யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. இதைவிடப் பெரிய நம்பிக்கை எங்கே இருக்கிறது? அந்த மேலே இருக்கிற ஆள் தான்தான் என்று நினைக்கும்போது அப்பாவுக்குக் கொஞ்சம் பெருமையாகவும் நிறைய பயமாகவும் இருக்கும்.

அந்தப் பயத்துக்கு அவர் கண்டுபிடித்த பிரார்த்தனை, எண்ணுவது. கதவு சரியாக மூடினால்தான் லிஃப்ட் நகரும். பழுது பார்க்கும்போது கதவைத் திறந்து வைத்துக்கொண்டே அதை நகர்த்த வேண்டியிருக்கும். அதற்காக மேல்மாடி இயந்திர அறைப் பெட்டியில் ஒரு சிவப்பு வயரின் இரண்டு முனைகளையும் இரண்டு இடத்தில் கவ்வ வைப்பார்கள். கதவெல்லாம் மூடித்தான் இருக்கிறது என்று லிஃப்ட் நம்பிக்கொள்ளும். வேலை முடிந்ததும் அந்த வயரைக் கழற்றிப் பையில் போட்டுவிட வேண்டும். மறந்தால், எந்தக் கதவு திறந்து கிடந்தாலும் லிஃப்ட் பாட்டுக்கு ஓடும். அப்பாவின் பையில் மூன்று சிவப்பு வயர்கள். ஒவ்வொரு கட்டடத்தை விட்டுக் கிளம்பும்போதும் வாய்விட்டு எண்ணுவார். ஆபீசில் அவருக்குப் பட்டப்பெயரே 'ஒண்ணு ரெண்டு மூணு'.

போன வருஷம் அவரோடு வேலை பார்த்த ஒருவன் ஒரு வயரை விட்டுவிட்டு வந்து வேலையை இழந்தான். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. இருந்தாலும் கம்பெனி விதியில் அதற்கு மன்னிப்பே கிடையாது. எல்லோரும் 'ஐயோ பாவம்' என்றபோது, "எண்ணத் தெரியாதவனுக்கு இந்த வேலை எதுக்கு?" என்று சொன்னவர் அப்பாதான். அவன் முகத்துக்கு நேரேதான் சொன்னார்.

ஆறு பேரும் திடீரென்று மறைந்தார்கள். திரை சிவப்பானது. குடியிருப்பு ஒன்றில் லிஃப்ட் விபத்து, பெண் பலி. கதவு திறந்திருந்தது, உள்ளே லிஃப்ட் இல்லை, பார்க்காமல் காலை வைத்துவிட்டார். எந்தக் கட்டடம் என்று சொல்லவில்லை. ஒரு மஞ்சள் கேட்டையும், அதற்கு வெளியே நின்ற கூட்டத்தையும் மாற்றி மாற்றிக் காட்டினார்கள்.

அம்மா சத்தத்தை அடைத்துக் கண்ணை மூடினாள்.

அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். வெள்ளிக்கிழமை அவர் மூன்று கட்டடங்களுக்குப் போயிருந்தார். கடைசியாகப் போன எட்டு மாடிக் கட்டடத்துக்கு மஞ்சள் கேட். முதல் இரண்டு இடத்திலும் எண்ணியது நினைவிருந்தது. மூன்றாவது இடத்தில் எண்ணினோமா? இயந்திர அறையில் நின்றது, எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தது, அப்போது போன் அடித்தது, எல்லாம் கண் முன் வந்தது. மகள்தான் கூப்பிட்டாள். அவள் பார்க்க வேண்டிய மேட்ச்சின் கடைசி ஓவர்கள் ஓடிக்கொண்டிருந்தன, அம்மா ஏதோ ஒரு ரயில் விபத்துக்காகச் செய்திக்கு மாற்றிவிட்டாள். பின்னால் அம்மா, "மனுஷங்க செத்துக் கிடக்காங்க, இவளுக்கு விளையாட்டு கேக்குது" என்று கத்தினாள். அப்பா போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, இருவருக்கும் நீதி வழங்கிக்கொண்டே, பெட்டியை மூடிப் பையைக் கட்டிப் படியிறங்கினார். அதற்கப்புறம் சனிக்கிழமை விடுமுறை. பையைத் தொடவே இல்லை.

அவர் எழுந்து போய்க் கதவோரம் கிடந்த பையைத் திறந்தார். ஒண்ணு. ரெண்டு. பையைத் தலைகீழாகக் கொட்டினார். ஸ்பேனர், டார்ச், டேப், பழைய பில், மகள் எப்போதோ போட்டுவைத்த மிட்டாய். வயர் இரண்டுதான்.

"என்னங்க தேடுறீங்க?"

"ஒண்ணுமில்ல."

திரும்பி வந்து உட்கார்ந்தார். அதுவரை எதற்கும் வேண்டிக்கொள்ளாத மனிதர் அன்றைக்கு வேண்டிக்கொண்டார், அதுவும் அசிங்கமாக. அந்தக் கட்டடமாக இருக்கக் கூடாது. வேறு எந்தக் கட்டடமாக இருந்தாலும் சரி. வேறு எவனுடைய லிஃப்டாக இருந்தாலும் சரி.

நாலு நிமிஷம் கழித்துக் கேமரா கேட்டுக்குள் போனது. பெயர்ப் பலகை தெரிந்தது. வேறு கட்டடம். நாலே மாடி. லிஃப்டும் வேறு கம்பெனியுடையது. அப்பாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்பாடா!" என்று தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தே விட்டார்.

மகள் போனிலிருந்து தலையை நிமிர்த்தினாள். "என்னப்பா? ஒருத்தங்க செத்திருக்காங்க, சிரிக்கிறீங்க?"

அந்தச் சிரிப்பு அவர் வாயிலேயே நின்றுபோனது. திரையில் அந்த வீட்டு ஆட்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். சத்தம் அடைத்திருந்ததால் வாய் மட்டும் அசைந்தது. இவருடைய வேண்டுதல் பலித்துவிட்டது, அவர்கள் தலையில் விடிந்துவிட்டது என்று அவருக்குத் தோன்றியது. அது முட்டாள்தனம் என்று அவருக்கே தெரியும். விபத்து நடந்தது காலை ஏழு மணிக்கு, இவர் வேண்டிக்கொண்டது பதினோரு மணிக்கு. ஆனாலும் வெட்கமாக இருந்தது.

அப்புறம்தான் அது உறைத்தது. செய்தி வேறு கட்டடத்தைப் பற்றியதாக இருக்கலாம். வயர் இன்னும் இரண்டுதான்.

எழுந்து பால்கனிக்குப் போய் மஞ்சள் கேட் கட்டடத்தின் வாட்ச்மேனைக் கூப்பிட்டார்.

"அண்ணே, லிஃப்ட் மெக்கானிக் பேசுறேன். லிஃப்டை உடனே நிறுத்துங்க."

"ஏன் சார்? நல்லாத்தானே ஓடுது?"

"ஒரு சின்ன செக்கிங். நிறுத்துங்களேன்."

"ஞாயித்துக்கிழமை சார். எட்டாவது மாடிக்காரங்க என்னை உயிரோட தின்னுடுவாங்க. ஸ்விட்ச் பெட்டிச் சாவி செக்ரட்டரிகிட்ட இருக்கு. அவர்கிட்டயே காரணத்தைச் சொல்லிடுங்க."

செக்ரட்டரி என்றால் அந்தக் கட்டடச் சங்கத்தின் செக்ரட்டரி. ஓய்வு பெற்ற பெரிய அதிகாரி. குப்பை வாளியின் நிறத்துக்குக்கூட விதி எண் சொல்லுவார். கட்டடமே அவரைச் 'சட்டம்' என்றுதான் கூப்பிடும். காரணம் கேட்காமல் சட்டம் சாவியை எடுக்காது, காரணத்தைக் கேட்டால் எழுத்தில் வாங்காமல் விடாது.

பைக்கில் போனால் நாற்பது நிமிஷம். வழக்கமான செக்கிங் மாதிரி மேலே போய், வயரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடலாம். ஈ காக்காவுக்குத் தெரியாது. மூன்று நாளாக எதுவும் நடக்கவில்லை, இந்த நாற்பது நிமிஷத்திலா நடந்துவிடப் போகிறது? மகளுக்கு இன்னும் இரண்டு வருஷப் படிப்பு பாக்கி. ஐம்பத்து மூன்று வயதில் வேலை போனால் எவன் எடுப்பான்? அப்பா ஹெல்மெட்டை எடுத்துவிட்டார். செருப்பையும் மாட்டிவிட்டார்.

ஹாலில் டிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. வழக்கமாக ஒரு நிமிஷம்தான், இன்றைக்கு ஏனோ முடியவில்லை. செய்தியில் செத்தவள் காலை ஏழு மணிக்குப் பால் வாங்கக் கிளம்பினாளாம். எழுத்து ஓடியது. அவளுக்கும் யாரோ ஒரு மெக்கானிக் நாற்பது நிமிஷக் கணக்குப் போட்டிருப்பானோ? அப்பா ஹெல்மெட்டைக் கீழே வைத்தார். ஹால் நடுவிலேயே நின்று சட்டத்தின் எண்ணை அழுத்தினார்.

"சார், வெள்ளிக்கிழமை உங்க லிஃப்ட்ல வேலை பார்த்தேன். கழட்ட வேண்டிய ஒரு வயரை மறந்து அப்படியே விட்டுட்டேன். கதவு திறந்திருந்தாலும் ஓடும் சார். இப்பவே நிறுத்துங்க. தப்பு என்னோடது. எழுதித் தரேன். முதல்ல நிறுத்துங்க."

அந்தப் பக்கம் ஒரு கேள்வியும் வரவில்லை. சட்டம் செருப்புக்கூடப் போடாமல் ஓடுகிற சத்தம்தான் கேட்டது.

அம்மா கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். மகள் எழுந்து நின்றுவிட்டாள். அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அவர் போய்ச் சேர்ந்தபோது லிஃப்ட் நின்றிருந்தது. படியில்தான் ஏறினார். மூன்றாவது மாடியில் லிஃப்ட் கதவு ஒரு முழம் திறந்து கிடந்தது. உள்ளே இருட்டு. கதவுக்குக் குறுக்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. எதிர் வீட்டு டீச்சரம்மா வாசலுக்கு வந்தாள்.

"வெள்ளிக்கிழமைலேருந்தே இந்தக் கதவு முழுசா மூட மாட்டேங்குது. லிஃப்ட் பாட்டுக்கு ஓடுது, அப்ப ஒண்ணும் இருக்காதுன்னு நெனச்சோம். பேத்தி ஓடி விளையாடுறா, அதான் நாற்காலியைப் போட்டு வச்சேன்."

அப்பா அந்த நாற்காலியைப் பார்த்தார். ஒரு கால் லேசாக உடைந்து, கயிறு கட்டியிருந்தது. மூன்று நாளாக அவருடைய வேலையை அந்த நாற்காலிதான் பார்த்திருக்கிறது. படியில் உட்கார்ந்தார். டீச்சரம்மா தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். எதற்கென்று தெரியாமலே கொடுத்தாள், அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

மேலே வயர் மாட்டின இடத்திலேயே இருந்தது. கழற்றினார். மூன்றாவது மாடிக் கதவையும் சரி செய்தார். எட்டு மாடிக் கதவுகளையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். கீழே சட்டம் வெள்ளைத் தாளோடு காத்திருந்தார். அப்பா நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கம்பெனி மேனேஜருக்கும் அவரே போன் செய்து சொல்லிவிட்டார். மேனேஜர், "நாளைக்கு வரும்போது பையையும் கொண்டு வந்துடுங்க" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று அப்பாவுக்குத் தெரியும். போன வருஷம் வயரை விட்டுவிட்டு வந்தவனிடமும் இதே வார்த்தையைத்தான் சொன்னார்கள்.

படியிலேயே உட்கார்ந்து வீட்டுக்குக் கூப்பிட்டார். மகள் எடுத்தாள்.

"சரி பண்ணிட்டேம்மா. யாருக்கும் ஒண்ணும் ஆகல."

"அப்பா, நான் போன் பண்ணினேனே, அப்பதான?"

"இல்லம்மா. அதுக்கு முன்னாடியே மறந்துட்டேன்."

"பொய் சொல்லாதீங்கப்பா. எனக்கு ஞாபகம் இருக்கு. 'ஒரு நிமிஷம் இரு, வயரைக் கழட்டிட்டு வந்துடறேன்'னு நீங்க சொன்னீங்க. நான்தான், 'அதெல்லாம் அப்புறம், முதல்ல அம்மாகிட்ட சானலை மாத்தச் சொல்லுங்க'ன்னேன்."

இது அவருக்கு நினைவே இல்லை. ஓவர் முடிந்துவிடப் போகிற ஒரு மேட்ச்சுக்காக ஒரு நிமிஷம். அந்தப் பக்கம் மகள் அழுவது கேட்டது. அவளுக்கும் ஒரு சிவப்பு வயரை மாட்டிவிட்டு, எல்லாம் மூடித்தான் இருக்கிறது என்று நம்ப வைத்துவிடலாம். ஆனால் அவள் அவருடைய மகள், எண்ணாமல் விட மாட்டாள்.

"ஆமாம்மா, அப்பதான்" என்றார். "ஆனா என் பை, என் வயர். எண்ண வேண்டியவன் நான். கேக்குதா?"

"ம்."

"அம்மா என்ன பண்றா?"

"வேண்டிட்டு இருக்காங்க. நீங்க போனதிலேருந்து."

"டிவியில என்ன காட்டுறாங்க?"

"டிவி ஆஃப்ல இருக்குப்பா" என்றாள் மகள். "ரிமோட்டை என் கையில குடுத்துட்டாங்க."

அப்பா போனை வைத்துவிட்டுப் பையைத் திறந்தார். வாய்விட்டு எண்ணினார். ஒண்ணு, ரெண்டு, மூணு. நாளைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய பைதான், இருந்தாலும் இன்னொரு தடவை எண்ணினார்.