கெட்ட செய்தி கொண்டுவந்தவள்

துணைச் செயலர் மூ, பான் சோங்லினைத் தேநீருக்குக் கூப்பிட்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டபோது, அவன் புத்தகத்துக்கு ஏதோ மாகாண விருது வரப்போகிறது என்றுதான் நினைத்தேன். கல்லூரியின் கம்யூனிஸ்ட் கட்சிக் கிளையில் எங்கள் தத்துவத் துறையைக் கவனிப்பவர் மூ. நல்லதோ கெட்டதோ அவர் வழியாகத்தான் வரும். கொஞ்ச நேரத்தில் பான் என் அறைக்கு வந்தான். மேல்கோட்டைக் கழற்றவில்லை. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான்.

"என்னடா, தாழ்ப்பாளெல்லாம் போடுற?"

"உன் போன் எங்க?"

மேஜையைக் காட்டினேன். அதை எடுத்து என் கோட்டுக்குள் வைத்துச் சுருட்டி, அலமாரிக்குள் திணித்துவிட்டு எதிரில் உட்கார்ந்தான்.

"சிரிச்சாருடா," என்றான். "நான் சொன்ன ஜோக்கை என்கிட்டயே சொல்லிட்டு, வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாரு."

அந்த ஜோக் எனக்கும் தெரியும். நவம்பர் பிறந்து லான்ஜோ நகரம் முழுக்க வெப்பக் குழாய்களில் சூடு வந்துவிட்டது, எங்கள் கட்டடத்துக்கு மட்டும் வரவில்லை. பழுது பார்த்தாயிற்று என்று நிர்வாகம் எழுதிக் கொடுத்துவிட்டது. மாணவர்கள் வகுப்பில் கையுறையோடு குறிப்பெடுத்தார்கள். பான் அதைப் பற்றித்தான் சொன்னான்: "காகிதத்துல குழாய் எப்பவோ சரியாயிடுச்சு. குளிருக்குத்தான் இன்னும் சுற்றறிக்கை போய்ச் சேரலை."

"இதுக்கா பயப்படுற? ஊரே சொல்ற ஜோக் மாதிரிதான் இருக்கு."

"ஊர் சொல்லலை. நான் ஒரே ஒரு தடவை சொன்னேன். மாட்டிறைச்சி நூடுல்ஸ் கடையில, மெதுவா. அந்த மேஜையில மூணு பேர். நான், சின்யே, அப்புறம் நீ."

'நீ' என்று சொல்லும்போது என் முகத்தைப் பார்த்தான். பதினெட்டு வயதில் ஒரே விடுதி அறையில் அடுக்குக் கட்டிலில் மேலும் கீழுமாகப் படுத்தவர்கள் நாங்கள். அவன் என்னை அப்படிப் பார்த்தது அதுவே முதல் முறை.

பானைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவன் ஊர் டிங்ஷி மலைப்பக்கம், தண்ணீர் இல்லாத மஞ்சள் மண். அவன் பிறப்பதற்கு முன்னால் வந்த பெரும் பஞ்சத்தில் அந்த வட்டாரத்தில் விளைச்சல் அமோகம் என்று மேலே எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அவனுடைய பெரியப்பா ஒருவர் மட்டும், களஞ்சியம் காலி என்று சொல்ல நகரத்துக்கு நடந்தே போனார். திரும்பி வந்தபோது அவர் காலை இழுத்து இழுத்து நடந்தார். யார் அடித்தார்கள் என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஊரில் இருந்து எவரும் போகவில்லை. பானின் தாத்தா அந்தக் குளிர்காலத்தில் பட்டினியில் செத்தார்.

அவன் தத்துவம் முழுவதும் இந்த ஒரு கதையில் இருந்து வந்தது. ஓர் அரசு நல்லதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஓட்டுப் பெட்டியைப் பார் என்பான் ஒருவன், முன்னோர் காட்டிய அறத்தைப் பார் என்பான் இன்னொருவன், ரயில் பாதையைப் பார் என்பான் மூன்றாமவன். பான் சொன்னது வேறு. கெட்ட செய்தியைக் கொண்டு மேலே போகிறவன் பயமில்லாமல் வீடு திரும்புகிறானா என்று பார். திரும்பினால் நல்ல அரசு. மற்றதெல்லாம் அலங்காரம். ஜெர்மனியில் சில வருடம் படித்தபோது அங்கேயே வேலை தருகிறேன் என்றார்கள். "அவங்களுக்கு என் கேள்வி புரியுது, என் தாத்தா புரியலை," என்று திரும்பி வந்துவிட்டான். பெய்ஜிங்கில் இருக்கும் இரு தரப்புச் சிந்தனையாளர்களுக்கும் அவனைப் பிடிக்காது. ஒரு தரப்பார் அவனைப் பழமைவாதி என்பார்கள், மற்றவர்கள் மேற்கின் வால் என்பார்கள். அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஷி சின்யே அவனிடம் முதுகலை ஆய்வு செய்த மாணவி. அவளும் டிங்ஷிக்காரிதான், உருளைக்கிழங்கு விவசாயி மகள். வாயாடி. புத்தகத்தில் இந்த வரி தப்பு என்று பானின் முகத்துக்கு நேரே சொல்வாள். அதனாலேயே அவனுக்கு அவளைப் பிடித்திருந்தது.

அடுத்த வாரங்களில் பான் மாறிப் போனான். வகுப்பில் எழுதி வைத்ததை மட்டும் வாசித்தான். கேள்வி கேட்டவனிடம், "இதை நீயா கேக்குறியா, கேக்கச் சொன்னாங்களா?" என்றான். நான் அவ்வப்போது அந்த வகுப்பின் கடைசி வரிசையில் உட்காருவேன். ஒருநாள் வகுப்பு முடிந்து எல்லாரும் கிளம்பிய பின் சின்யே வாசலில் நின்றாள்.

"சார், ஒரு விஷயம் சொல்லணும். நல்ல விஷயம் இல்ல."

"அடுத்த வாரம் பார்க்கலாம்."

"போன வாரமும் இதையே சொன்னீங்க."

"இந்த வாரமும் சொல்றேன்," என்று அவளைத் தாண்டிப் போனான். படிக்கட்டில் என் காதருகே, "வாயைக் கிளற வர்றா பாரு," என்றான்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு மதியம் உணவுக்கூடத்தில் என்னிடம் ஒரு ரகசியம் சொன்னான். பதிப்பகம் வெட்டி எறிந்த முதல் அத்தியாயத்தைத் தைவானில் அச்சிடப் போகிறானாம். நான் கிண்ணத்தைத் தள்ளி வைத்தேன். "வேலை போயிடும்டா," என்றேன். "நீ சொல்லாட்டி யாருக்குத் தெரியப் போகுது?" என்றான். நான் யாரிடமும் சொல்லவில்லை, என் மனைவியிடம்கூட. பல நாள் தூக்கம் கெட்டதுதான் மிச்சம்.

டிசம்பர் கடைசியில் மூ அவனை மறுபடி கூப்பிட்டார். அதற்கு மறுநாள் வகுப்பு. பான் புத்தகத்தைத் திறக்கவில்லை.

"சின்யே, எழுந்திரு."

எழுந்தாள்.

"வர்ற வசந்த காலத்துல நான் யாருக்கும் தெரியாம ஹாங்காங் போய்ப் பேசப் போறேன்னு உன்கிட்ட சொன்னேன். நினைவிருக்கா?"

"இருக்கு சார்."

"நேத்து மூ என்னைக் கேட்டாரு, ஹாங்காங் பயணம் எப்பன்னு. நான் எங்கயும் போகலை. அது பொய். உன்கிட்ட மட்டும் சொன்ன பொய்."

நானும் அன்று கடைசி வரிசையில் இருந்தேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"ஆமா சார், நான்தான் சொன்னேன். செப்டம்பர்ல இருந்து மூ சார் என்னைக் கூப்பிட்டுக் கேக்குறாரு. எனக்கு முன்னாடி இதே வகுப்புல ஒருத்தன் நீங்க சொல்றதுல பாதியை வெட்டி, மீதியை ஒட்டிச் சொல்லிக்கிட்டிருந்தான். அரசாங்கம் ஒழியணும்னு நீங்க சொன்னதா சொல்லியிருக்கான். அதனாலதான் நான் ஒத்துக்கிட்டேன். நீங்க சொன்னதை ஒரு வார்த்தை விடாம சொன்னேன். உங்க வாதத்தை, அதுக்கு நான் சொன்ன மறுப்பை, எல்லாத்தையும். குழாய் ஜோக்கையும் சொன்னேன். அவர் சிரிச்சுட்டு அப்பவே பழுதுபாக்குற ஆளுக்குப் போன் போட்டாரு. இந்த ரூம்ல சூடு வந்து ரொம்ப நாளாச்சு சார். நீங்க இன்னும் கோட்டைக் கழட்டலை."

எல்லாரும் சுவரோரக் குழாயைப் பார்த்தார்கள். உண்மைதான். நானும் கோட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன், ஏன் என்று யோசிக்காமல்.

"ஹாங்காங்?" என்றான் பான்.

"அனுமதி இல்லாம போனா பெரிய வம்பாயிடும். முன்னாடியே தெரிஞ்சா அனுமதி வாங்கிக் குடுத்துடலாம்னாரு. இதையெல்லாம் சொல்லத்தான் சார் ரெண்டு தடவை வாசல்ல நின்னேன்."

"கதை நல்லா இருக்கு," என்றான் பான். "யாரு எழுதிக் குடுத்தாங்க? மூவா?"

அவள் வெந்நீர்க் குடுவையை எடுத்துப் பையில் போட்டாள்.

"இனி இந்த வகுப்புக்கு வர வேண்டாம்," என்றான், அவள் போன பிறகு, காலி நாற்காலியைப் பார்த்து.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெளியே வந்ததும் அவன் சட்டைக் கையைப் பிடித்தேன்.

"தைவான்?"

கையை விடுவித்துக்கொண்டான். "அதுவும் பொய்தான்."

"இத்தனை வருஷப் பழக்கம்டா."

"அதனாலதான் உன்கிட்ட பெரிய பொய்யா சொன்னேன்."

அடித்திருப்பேன். மாணவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். மஞ்சள் ஆற்றங்கரை வரை தனியாக நடந்து போய், காற்றில் நின்றுவிட்டு வீட்டுக்குப் போனேன். அவனோடு பேசுவதை நிறுத்தினேன்.

சீனப் புத்தாண்டான வசந்த விழா விடுமுறைக்கு முன்னால் அவன் மனைவி ரூலான் என்னைத் தேடி வந்தாள். மருத்துவமனையில் மருந்தாளர் அவள். வெள்ளை அங்கியோடு அப்படியே வந்திருந்தாள்.

"கெங் அண்ணே, வீட்டுக்கு வாங்க. அவருக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு. லிஃப்ட்ல பக்கத்து வீட்டுக்காரியோட ரெண்டு வார்த்தை பேசினேன். என்ன பேசின, முழுசா சொல்லுன்னு உக்கார வெச்சுக் கேக்குறார்."

"நான் வந்தா என்னையும் கேப்பான்."

"கேக்கட்டும். நீங்களும் திருப்பிக் கேளுங்க."

போனேன். ரூலான் பேரீச்சையும் கற்கண்டும் போட்ட மூடிக் கிண்ணத் தேநீரை எங்கள் முன்னால் வைத்தாள். யாரும் தொடவில்லை. நான் அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்டேன். அவள் நடிக்கிறாள், உண்மையைக் கொஞ்சம் கலந்தால்தான் பொய் நிற்கும் என்றான். தர்க்கம் சொல்லித்தரும் என்னிடமே தர்க்கம் பேசினான். அடுக்களை வாசலில் நின்ற ரூலான் குறுக்கிட்டாள்.

"உங்க பெரியப்பா கதையை ஊர் ஊரா போய்ச் சொல்றீங்க. அந்தப் பொண்ணு உங்க வாசல்ல வந்து நல்ல விஷயம் இல்ல சார்ன்னு நின்னாளாமே. அப்ப அவளைத் திருப்பி அனுப்பினது யாரு? மூவா?"

பான் கிண்ண மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்க்கவில்லை.

விடுமுறை முடிந்து சின்யே திரும்பியதும் அவன் நூலகத்துக்குப் போய் அவளைக் கண்டுபிடித்தான். அங்கே நடந்ததை அவள்தான் பிற்பாடு எனக்குச் சொன்னாள். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, "முதல்ல இருந்து சொல்லு," என்றானாம். குறுக்கே பேசாமல் கேட்டானாம். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி.

"இதுல உனக்கு என்ன கிடைச்சுது?"

"படிப்பு முடிஞ்சதும் அரசு வேலைக்குப் பரிந்துரை பண்றேன்னாரு மூ சார்."

"நீ என்ன சொன்ன?"

"வேண்டாம்னு சொல்லலை."

"இதை ஏன் என்கிட்ட சொல்ற?"

"கேட்டீங்களே சார்."

வகுப்பில் எல்லார் முன்னாலும் அவளை அவமானப்படுத்தியது தப்பு என்று அதே எல்லார் முன்னாலும் பான் சொன்னான். அடுத்த வாக்கியத்தில், சந்தேகப்பட்டது தப்பா என்று தனக்கு இன்னும் தெரியாது என்றும் சொன்னான். அவன் அப்படித்தான், மன்னிப்புக் கேட்கும்போதுகூட அடிக்குறிப்புப் போடுவான். திரும்பி வா என்று சின்யேவைக் கூப்பிட்டான். அவள் வரவில்லை.

"உங்களுக்கு என்மேல நம்பிக்கை வரலை. எனக்கும் உங்கமேல வரலை சார். இப்படியே நல்லாருக்கு," என்றாள். என் அறைக்கு வந்து, மீதி ஆய்வுக்கு நீங்கள் வழிகாட்ட முடியுமா என்று கேட்டாள். சரி என்றேன். ஆனால் முதல் மாதம் அவள் எதிரில் நான் அளந்துதான் பேசினேன். வானிலை பற்றிக்கூட.

ஜூனில் அவள் ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வு. தேர்வுக் குழுவில் பானும் இருந்தான். அவள் எழுதியிருந்தது அவன் தத்துவத்துக்கு எதிராகத்தான். மேலே இருப்பவர் எப்படிக் கேட்கிறார் என்பதை மட்டும் அந்தப் புத்தகம் பார்க்கிறது, செய்தி கொண்டுபோகிறவருக்கு என்ன வேண்டும் என்று பார்ப்பதே இல்லை என்று எழுதியிருந்தாள்.

பான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "செய்தி கொண்டு போறவன் தன் ஆதாயத்துக்காகப் போறான்னு வெச்சுக்குவோம். அப்ப அவன் சொல்ற உண்மை உண்மையில்லாம போயிடுமா?"

"போகாது சார். ஆனா கேக்குறவர் ஒவ்வொரு தடவையும் தானா போய்ச் சரிபார்க்கணும். அது பெரிய பாடு. எங்க பஞ்சாயத்துல அப்பா உருளைக்கிழங்கு அழுகுதுன்னு சொன்னா, மானியத்துக்காகச் சொல்றான்னு ஒருத்தரும் வந்து பார்க்க மாட்டாங்க. அப்பா மானியத்துக்காகத்தான் சொல்வாரு. கிழங்கும் அழுகித்தான் போகும்."

பான் சிரித்தான். பல மாதத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு. ஆய்வேட்டைத் தேர்ச்சி என்று குறித்துக் கையெழுத்துப் போட்டான். அவள் கையைக் குலுக்கவில்லை, அவளும் நீட்டவில்லை.

சின்யே இப்போது தியான்ஷுய் பக்கம் ஒரு வட்டார அலுவலகத்தில் இருக்கிறாள். மூவின் பரிந்துரையில் போனாளா, தேர்வு எழுதிப் போனாளா என்று நான் கேட்கவில்லை. செப்டம்பரில் பானின் வகுப்பு கால அட்டவணையில் இல்லை. அறைப் பற்றாக்குறை என்றார் மூ. அந்த அறை அந்தக் குளிர்காலம் முழுவதும் சூடாக, பூட்டியே கிடந்தது.

பான் புத்தகத்தின் இரண்டாம் பதிப்புக்குப் புதிதாக ஓர் அத்தியாயம் எழுதினான். கெட்ட செய்தி கொண்டுவருகிறவரைச் சந்தேகப்படுவது எப்போது நியாயம், எப்போது கோழைத்தனம் என்பது அதன் விஷயம். அச்சுக்குப் போகுமுன் என்னிடம் கொடுத்தான்.

"வேற யாருக்குக் குடுத்திருக்க?"

"உனக்கு மட்டும்தான்டா. குறை சொல்லு, தயங்காத."

வீட்டுக்கு வந்து முதல் பக்கத்தைத் திறந்தேன். படிக்க ஓடவில்லை. ரூலானுக்குப் போன் செய்து, வீட்டுக் கணினியில் இருக்கும் அதே அத்தியாயத்தை எனக்கு அனுப்பச் சொன்னேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. எனக்கென்று தனியாக ஏதாவது மாற்றி வைத்திருக்கிறானா என்று இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிட்டேன். ஒரு சொல்கூட மாறவில்லை. அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். நன்றாக எழுதியிருந்தான். குறைகளும் இருந்தன. மறுநாள் காலையில் அவன் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டான்.